திறந்து திறந்து மூடிய பெட்டி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்குக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. புதுச்சேரியில் பல வீட்டுப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து முகம் பார்க்கும்வரை பெட்டி தாங்க வேண்டும்.

போன மே மாதம் நெல்லித்தோப்பில் ஒரு வீடு. இறந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். மகன் மறுநாள் மாலைதான் வந்து சேர்வார். வீட்டில் இருந்தது மகள், அறிவியல் டீச்சர்.

"எவ்ளோ நேரம் தாங்கும் அண்ணே?"

"தொறக்காம இருந்தா மூணு நாள்கூட நிக்கும் டீச்சர்."

இந்த வெயிலில் திறந்தால் போச்சு என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம்.

வந்தவர்கள் எல்லாம் மூடியைத் தூக்கி முகத்தைத் தொட்டு அழுதார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனால் பாசமில்லாதவர் என்று பேச்சு வரும். "உசுரோட இருந்தவரைக்கும் ஏசி வேணாம்னாரு மாமா. இப்ப பாரு, ஃபுல் கூலிங்கு," என்றார் ஒருவர். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை பெட்டியைப் பார்க்கப் போனேன். பத்து மணிக்கே பந்தலுக்குள் அனல். கரண்ட் இரண்டு முறை போய் வந்திருந்தது. டீச்சர் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"வடதுருவத்துப் பக்கம் மண்ணே இப்படி உறைஞ்சு கெடக்கு அண்ணே, ஆயிரக்கணக்கான வருஷமா. செத்த செடி, மிருகம் எல்லாம் அழுகாம உள்ள இருக்கு. இப்ப சூட்டுல மண்ணு இளகுது. உள்ள இருக்கறது அழுகி வாயு கெளம்புது. அந்த வாயுவால பூமி இன்னும் சூடாவும், மண்ணு இன்னும் இளகும். போன மாசம்தான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தேன்."

"திரும்ப உறைய வெக்க முடியாதா டீச்சர்?"

"வெளிய வந்த வாயு திரும்ப உள்ள போவாது அண்ணே."

எனக்கு அது உடனே புரிந்தது. என் தொழிலே அதுதான். டீச்சர் எழுந்து மூடியைத் தூக்கினார். அப்பாவின் கையிலிருந்து நழுவிய செபமாலையைச் சரிசெய்தார், கன்னத்தைத் தடவினார், அப்படியே நின்றார். காலையிலிருந்து எத்தனையாவது முறையோ. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்குமேல் ஊதுவத்தியை மீறி வாடை வந்தது. முகம் உப்பி நிறம் மாறிவிட்டது. மோட்டாரை எவ்வளவு கூட்டியும் பயனில்லை.

மகன் மாலை ஐந்து மணிக்கு வந்தார், கையிலிருந்த பயணப் பையைக்கூட கீழே வைக்காமல் ஓடிவந்தார்.

"தொறக்காத தம்பி. கண்ணாடி வழியாப் பாரு."

"ஏன்க்கா?"

அக்கா மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மகன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ஈரம் உள்பக்கம் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பியதும் டீச்சர் என்னிடம் வந்தார். "ஒரு வார்த்த கண்டிச்சு சொல்லியிருக்கலாமே அண்ணே." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் மூலக்குளத்தில் ஒரு வீடு. இந்த முறை எல்லோர் முன்னாலும் சொன்னேன். "மூடியத் தொறக்காதீங்கம்மா, தாங்காது."

"எங்கம்மாவ நான் தொடக்கூடாதா?" என்று கேட்டபடியே அந்தப் பெண் மூடியைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். அடியில் மோட்டார் சத்தம் கூட்டி ஓட ஆரம்பித்தது. நான் நகர்ந்து வழிவிட்டேன்.