பூச்சூட்டல் அன்று கமலாக்ஷி சொன்னது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு மிளகுக் கம்பெனியின் பரிசோதனை அறையில் கமலாக்ஷிக்கு வேலை. மூட்டையில் குழாயைக் குத்தி மிளகு எடுத்து, எவ்வளவு ஈரம் என்று பார்த்துச் சீட்டு ஒட்டுவாள். அறைக்கும் கிடங்குக்கும் நடுவே இருபதடி முற்றம். வெயில் நேரத்தில் அதைக் கடக்கவும் குடை பிடிப்பாள்.

"மழைக்குக்கூட சேச்சி இவ்வளவு பயப்படறதில்லையே" என்பார் சுமை இறக்கும் செல்லதுரை.

"மழை என்னை ஒண்ணும் பண்ணாது, செல்லதுரை."

அவளுக்கு முப்பத்தாறு வயதில் வந்தது லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளையும் தோலையும் தாக்கும் நோய். வெயில் பட்டால் கூடும். மாத்திரையோடு பதினைந்து வருடம் ஓட்டிவிட்டாள். அவள் இருப்பது அண்ணா நீலகண்டன் வீட்டில். அண்ணாவின் பெண் அதிதிக்குக் கல்யாணம் ஆகும்வரை நோயின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று வீட்டில் பேச்சு. அதிதியிடமே "அத்தைக்கு வெயில் அலர்ஜி" என்றுதான் சொல்லியிருந்தார்கள். வைட்டிலாவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், "ஆத்துல யாருக்காவது தீராத வியாதி உண்டா?" என்று கேட்டபோது நீலகண்டன் "ஒண்ணுமில்லை" என்றார். கமலாக்ஷி காபி டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. இதை விட்டுவிட்டு அவளைப் புகழ்வது நியாயமாகாது.

சென்ற வருடம் வைட்டிலாவில் அதிதிக்கு ஐந்தாம் மாதப் பூச்சூட்டல். மாமியார் பாக்கியலக்ஷ்மி, மருமகளின் கன்னத்தைத் தொட்டு எல்லோருக்கும் காட்டினாள். "பாருங்கோ, முகத்துல என்ன களை!"

இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் சிவப்பு. பூ வைக்கக் குனிந்த கமலாக்ஷி அந்தச் சிவப்பைக் கண்ணாடியில் பல வருடம் பார்த்தவள்.

"விரல் மடங்கறதா?" என்று காதோடு கேட்டாள்.

"காலம்பர பத்து மணி வரைக்கும் என் பேச்சைக் கேக்காது, அத்தை."

"வாயில புண்?"

"அதெப்படித் தெரிஞ்சுது? அத்தை ஜோசியம் பாக்க ஆரம்பிச்சாச்சா?"

கமலாக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை. சில தாய்மார்களின் ரத்தத்தில் இருக்கும் ஒரு பொருள், நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குழந்தையின் இதயத்துடிப்பைக் கெடுத்துவிடலாம் என்று அவளுடைய டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். முன்பே தெரிந்தால் மருந்து உண்டு, வாராவாரம் கவனிக்கலாம். அண்ணாவை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"பிரசவம் கழியட்டும், கமலு. ஒண்ணுமில்லைன்னு வாக்குக் குடுத்தது நானாக்கும்."

"கழியற வரைக்கும் குழந்தையோட இதயம் காத்திருக்குமா, அண்ணா?"

"உன் வியாதி அவளுக்கு வந்திருக்கும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதனாலதான் பாக்கணும்."

அவர் தடுக்குமுன் உள்ளே போய், அடுக்களையில் பாக்கியலக்ஷ்மியிடம் நோயின் பெயரைச் சொன்னாள். அண்ணாவைப் பொய்யனாக்குகிறோம், இருக்க இடம் தந்த வீட்டையே பகைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி ஏன் சொல்லலை?"

"சொன்னா நடக்காதுன்னு பயந்தோம், மாமி. தப்புதான். நானும் சேர்ந்து பண்ணின தப்பு."

"அப்போ இது ரத்தத்துல வரதா? குழந்தைக்கும் வருமா?"

"வியாதி அப்படியே வரதில்லை, மாமி. வரதுக்கு ஒரு வாய்ப்புதான் வரது. ஒரு ஜீன் இல்லை, பல ஜீன், ஒவ்வொண்ணும் துளித்துளியா. ஈரம் இருக்கிற மிளகெல்லாம் பூஞ்சை பிடிச்சுடாது. ஆனா ஈரம்னு தெரிஞ்ச மூட்டையை நாங்க தனியா வெச்சுப் பாத்துண்டே இருப்போம்."

முன்பு மறைத்ததற்குக் கமலாக்ஷி வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அறிவு பலருக்கும் இருக்கிறது. தன் தப்பையும் சேர்த்து அதைச் சொல்கிறவர்கள் குறைவு.

மறுநாள் தன் பழைய ரிப்போர்ட்டுகளோடு அதிதியை டாக்டரிடம் அழைத்துப்போனாள். பாக்கியலக்ஷ்மியும் வந்தாள். குடும்பத்தில் யாருக்கு என்ன என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார். கமலாக்ஷி சொல்லி முடித்ததும் பாக்கியலக்ஷ்மி தொண்டையைச் செருமினாள்.

"எங்காத்துக்காரரோட தங்கைக்கு வெண்புள்ளி. அதையும் எழுதிக்கோங்கோ." பிறகு கமலாக்ஷியைப் பார்க்காமலே, "நாங்களும் சொல்லலை" என்றாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதிதிக்கும் லூபஸ்தான். குழந்தையைப் பாதிக்கக்கூடிய அந்தப் பொருளும் ரத்தத்தில் இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள். வாராவாரம் ஸ்கேன். கமலாக்ஷி ஒவ்வொரு வாரமும் அரை நாள் லீவு எடுத்துப் போனாள். வீட்டில் நீலகண்டன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

ஆறாம் மாதம் முடிகிற வாரம், கடைசி ஸ்கேனுக்கு அவரும் வந்தார். வெளி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தார். கமலாக்ஷி வெளியே வந்ததும் எழுந்தார்.

"துடிப்பு எவ்வளவு?"

"நூத்தி நாப்பது."

"அது நல்லதா?"

"நல்லதாக்கும், அண்ணா. பயப்பட வேண்டிய மாசம் தாண்டியாச்சு."

நீலகண்டன் தலையாட்டினார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எல்லோருக்கும் சாயா வாங்கிவரக் கீழே இறங்கிப் போனார்.