விசாரணைக் குழுவில் ஒரு ஞானத்தகப்பன்

போர்க்கப்பல் திரும்பும்போது அளவுக்கு மீறிச் சாய்ந்தது. கீழ்த்தளத்தில் ஒரு பெரிய இரும்புப் பெட்டி கட்டறுத்துக்கொண்டு வந்து அங்கே வேலையில் இருந்த ஒரு மாலுமிப் பையனை நசுக்கிக் கொன்றுவிட்டது. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கையில் ஏந்தி நின்றவன் நான், அவனுடைய ஞானத்தகப்பன். பெற்றவன் மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்தவன். மாதா கோவிலில் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவான்.

நான் போர்க்கப்பல் வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடிவமைப்பில் குறை உண்டா என்று பார்க்கச் சுயேச்சையான விசாரணைக் குழு ஒன்றைப் போட்டு என்னையும் கூப்பிட்டார்கள். என் ஞானமகன் செத்த கப்பல் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. கட்டி முடித்த பிறகு மேல்தளத்தில் புதிதாகப் பாரம் ஏற்றினார்களே, அதற்கப்புறம் கப்பல் எவ்வளவு சாயும் என்று மறுபடி கணக்குப் போட்டார்களா?

முதல் நாள் தலைவர், நடுநிலை முக்கியம் என்று ஆரம்பித்து, சம்பந்தப்பட்ட யாரோடாவது உறவு உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மற்ற இருவரும் இல்லை என்றார்கள். ஒருவர் அந்தக் கப்பலை வடிவமைத்தவரிடமே தொழில் கற்றவர். இன்னொருவர் அதே வடிவமைப்பாளருக்குக் கீழே வேலை பார்த்தவர். அதெல்லாம் உறவில் சேராதாம். என் முறை வந்தது. பீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்து ஏற்ற உறவை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞானத்தகப்பன் என்றால் என்னவென்றே தலைவருக்குத் தெரியாது. நானே உட்கார்ந்து விளக்கினேன். என் நேர்மையைப் பாராட்டி, டீ கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனின் அப்பா பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் இல்லை என்று சொன்னதையும் சேர்த்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஏண்ணா சொன்னீங்க? சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

"இல்லன்னு சொல்ல வாய் வரலப்பா."

"அவுங்களுக்கு வந்துச்சே."

 

அறிக்கை இங்கிலீஷில் வந்தது. படித்துச் சொல்லச் சொல்லிப் பையனின் அப்பா என்னிடமே கொண்டுவந்தான். உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் தேடினேன். மேல்தளப் பாரத்தைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. வடிவமைப்பில் குறை எதுவும் இல்லையாம். பெட்டியைச் சரியாகக் கட்டவில்லையாம். கட்ட வேண்டியவன் இறந்துபோனவன்தானாம். 

"அப்ப தப்பு என் புள்ள மேலயாண்ணா?"

"அப்படித்தாம்பா எழுதியிருக்காங்க."

"நீங்க உள்ள இருந்திருந்தா?"

"கேட்டிருப்பேன்."

அவன் தாள்களை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி பாத்தியில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்தான். என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அவன் பின்னால் போய்க் கதவோரமாக நின்றுகொண்டான்.