டோலோன் ஏறாத வேன்

ஜுமாதிலுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க நன்றாக வரும். இருபத்திரண்டு வருடமாக நாரின் ஊருக்கும் பிஷ்கெக் நகரத்துக்கும் இடையே மலைப்பாதையில் ஏழு சீட் வேன் ஓட்டும் மனிதர், வழியில் இதுவரை பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு சிகரெட் அட்டையில் எழுதி முடித்துவிடலாம் என்று வண்டி ஸ்டாண்டில் சொல்வார்கள். சவாரிகள் அவரைத் தேடி வருவதும் அதற்காகத்தான். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் "ஜுமாதில் வண்டி எப்போ கிளம்பும்?" என்று கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் வண்டி அக்டோபரில் டோலோன் கணவாயில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தது. சமதரையில் ஒரு குறையும் இல்லை. ஏற்றம் வந்தால் மூன்றாவது கியர் இரண்டுக்கு இறங்கும், இரண்டு ஒன்றுக்கு இறங்கும். சீனச் சரக்கு ஏற்றிய லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போயின. பின் சீட்டில் இருந்த ஒரு பாட்டி ஒருநாள் கேட்டேவிட்டாள்: "தம்பி, நான் வேணா இறங்கி நடக்கட்டா? முன்னாடியே போய் உனக்கு டீ போட்டு வைக்கிறேன்."

ஜுமாதில் பழியைக் கணவாயின் மேல் போட்டார். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் மனிதனுக்கே மூச்சு வாங்குகிறது, வண்டிக்கு வாங்காதா? அந்தப் பாதையில் ஓட்டும் எல்லோரும் சொல்வது இதுதான். செய்வதும் ஒன்றுதான். காற்று வடிகட்டியைப் பெட்டியிலிருந்து கழற்றி, பின்னால் கிடக்கும் பழைய டயரின் மேல் எறிந்துவிடுவார்கள். மூக்கைப் பொத்தியிருந்த துணியை எடுத்துவிட்டால் மூச்சு வராமலா போகும்? அவரும் எறிந்தார். ஒரு வாரம் வண்டி உற்சாகமாக ஏறியது. அப்புறம் முன்னைவிட மோசமானது.

வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. ஆனால் மனைவி சூராகானுக்குத் தெரிந்துவிட்டது. கணவர் வந்து சேரும் நேரம் ஒரு மணி தள்ளிப்போனால், முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்குக் காரணம் கேட்க வேண்டுமா என்ன. அவள் தம்பி எசென், பதினேழு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், டோலோனில் வண்டி நின்றுபோய், பனிப்புயலில் இறங்கி நடந்தவன். மூன்றாம் நாள் உடலாகத்தான் கிடைத்தான். அதிலிருந்து அர்ச்சா என்னும் மலைமரத்தின் தழைப் புகை காட்டாமல் கணவரின் வண்டியை அவள் அனுப்பியதில்லை. இரும்புச் சட்டியில் காய்ந்த தழையைக் கொளுத்தி, "அலாஸ், அலாஸ், எல்லாக் கேடும் விலகிப் போ" என்று முணுமுணுத்தபடி வண்டியை ஒரு சுற்று வருவாள். அவ்வளவுதான்.

வண்டி திணறத் தொடங்கியதும் இது கண்ணேறுதான் என்று முடிவு கட்டினாள். ஒரு சுற்று மூன்றானது. பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னாள். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் காற்றை இழுக்கும் வாய்க்கு நேராகவே சட்டியை நீட்டினாள்.

"பாருங்களேன், எப்படி உறிஞ்சி இழுத்துக்குது! அதுக்கே வேண்டியிருக்குங்க."

ஜுமாதில் தலையாட்டினார். எசெனை நினைத்துக்கொண்டு அவள் புகை காட்டும்போது வேறு என்ன செய்ய முடியும்?

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். கணவாயில ஒரு தடவை நின்னுச்சுன்னா, அன்னைக்கே வித்துடணும். சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தார். செய்வது சுலபமாக இருந்தது. விற்றபிறகு காலையில் எழுந்து எங்கே போவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவர் தோளுக்குப் பழகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜுமாதிலை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

டிசம்பரில் அது நடந்தது. உச்சிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது, ஆறு சவாரிகளோடு வண்டி நின்றுவிட்டது. பத்து நிமிடம். வெளியே காற்று ஊளையிட்டது. பிறகு எப்படியோ கிளம்பியது. அன்றிரவு சூராகான் "வண்டி எப்படி?" என்று கேட்டபோது, ஜுமாதில் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வாயில் ரொட்டி இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நின்றது வீட்டுக்குத்தான் தெரியாது, ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிட்டது. சவாரிகள் அவர் வண்டியைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறினார்கள். கலில் என்ற வேன்காரன் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்: "அண்ணே, ஒரு குதிரையை முன்னாடி கட்டிடுங்களேன். புல்லு நான் போடுறேன்." மற்றவர்கள் என்ஜினை இறக்கிப் பிரித்தால்தான் சரியாகும் என்றார்கள். அதற்கு விற்பதே மேல்.

கடைசி முயற்சியாக, கணவாய்க்கு அந்தப் பக்கம் கொச்கோரில் பட்டறை வைத்திருந்த மிர்சோகித்திடம் போனார். ஓஷ் ஊர்ப் பக்கத்து உஸ்பெக்காரன். வாய் ஓயாது. பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில் செருகியிருந்த ஒரு சின்ன வயர்ப் பிளக்கைப் பிடுங்கினான்.

"இப்போ அந்த மேட்டுல ஏத்திட்டு வாங்க."

வண்டி ஏறியது. பழைய மாதிரி இல்லாவிட்டாலும், திணறாமல் ஏறியது. ஜுமாதில் இறங்கி வந்து பிளக்கையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணைப் பிடுங்கினா நல்லா ஓடுது. அது எப்படிப்பா?"

"எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு என்ஜினுக்குச் சொல்ற சென்சார் இது. உங்களுது பொய் சொல்லுது அண்ணே. காத்து நிறைய வருது, இது கொஞ்சம்தான்னு சொல்லுது. என்ஜின் அதை நம்பி பெட்ரோலைக் குறைச்சுக் குடுக்குது. அப்புறம் எப்படி ஏறும்?"

"பிடுங்கினா?"

"ஊமையாயிடுச்சுன்னா என்ஜின் தானா ஒரு கணக்குப் போட்டுக்கும். தப்பும் தவறுமாத்தான் போடும். ஆனா ஓடும்."

இரண்டு திருகாணியைக் கழற்றி சென்சாரை வெளியே எடுத்தான். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதன் மேல் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"என்ன அண்ணே, உள்ள உட்கார்ந்து கபாப் சுட்டீங்களா? அர்ச்சா வாசனை தூக்குது!"

ஜுமாதிலுக்குக் காது சிவந்தது. மிர்சோகித் அதைக் கழுவிப் பார்த்தான். பயனில்லை, கம்பி வெந்துபோயிருந்தது. புதுசு ஒன்று போட்டான், வடிகட்டியையும் புதிதாக வைத்து மூடினான்.

"முதல்ல திணறினது பழைய வடிகட்டி அழுக்கடைச்சதாலதான் இருக்கும், மாத்தியிருந்தாலே போதும். வடிகட்டி இருந்திருந்தா பாதிப் புகையாவது நின்னிருக்கும். அதைக் கழட்டி எறிஞ்ச மகராசன் யாரு?"

"நான்தான்," என்றார் ஜுமாதில்.

திரும்பும்போது டோலோனில் வண்டி மூன்றாவது கியரில், முனகாமல் ஏறியது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மிர்சோகித் சொன்னது மனதை அரித்துக்கொண்டே வந்தது. ஊமையாகிவிட்டால் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். அவர் வாயைத் திறக்கவில்லை, சூராகான் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டாள். கண்ணேறு என்று போட்டாள், மூன்று சுற்று என்று போட்டாள். தப்புக் கணக்குதான். சரியான கணக்குக்கு வேண்டியதை அவர் எப்போது கொடுத்தார்? இத்தனை நாள் மௌனத்தை ஒரு மரியாதை போலத் தூக்கிக்கொண்டு திரிந்ததற்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதுமே அவள் ஓடி வந்தாள். சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்திருந்தது.

"நான் சொல்லல? புகை வேலை செஞ்சிடுச்சு!"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஜுமாதில் பையிலிருந்து பழைய சென்சாரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் திருப்பிப் பார்த்தாள், மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மெல்ல வாடியது.

"நானா?"

"வடிகட்டியைக் கழட்டிப் போட்டது நான். புகை போட்டது நீ. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கொன்னோம்." மூச்சை இழுத்துக்கொண்டார். "இன்னொண்ணு இருக்கு, சூராகான். டிசம்பர்ல மேல நின்னுச்சு. பத்து நிமிஷம். உன்கிட்ட மறைச்சிட்டேன்."

உள்ளே போய், சாப்பாட்டு விரிப்பின் மேல் ரொட்டிக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார். "சத்தியம் பண்ணினது பண்ணினதுதான். விக்கணும்னா நாளைக்கே விக்கிறேன்."

சூராகான் டீ ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கும்வரை பேசவில்லை. முப்பது வருடமாக அவர் கொடுத்ததை ஒரே சாயங்காலத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மௌனம் எவ்வளவு கனம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

காலையில் விரிப்பின் மேல் சாவி இல்லை. முற்றத்துக்கு வந்தார். சூராகான் வண்டியருகே நின்றிருந்தாள், கையில் சட்டி புகைந்துகொண்டிருந்தது. ஜுமாதில் பதறிப்போய் பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"அதை யார் கேட்டா? தொப்பியைக் கழட்டுங்க."

கழற்றினார். அவர் தலையைச் சுற்றி மூன்று முறை சட்டியைக் கொண்டுபோனாள். புகையில் அவருக்கு இருமல் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. அவளுக்கும் வந்தது, அது புகையால் மட்டுமில்லை.

"வண்டிக்கு உதிரி கொச்கோர்ல கிடைக்குது. உங்களுக்கு நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று சொல்லி, சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "உச்சிக்குப் போனதும் போன் பண்ணுங்க. வழியில நின்னாலும் பண்ணுங்க."

அன்று டோலோன் உச்சியில் ஜுமாதில் வண்டியை ஓரங்கட்டியதும் சவாரிகள் கலவரமாகப் பார்த்தார்கள். அவர் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று போனைக் காதில் வைத்தார்.

"என்னங்க, நின்னுடுச்சா?" என்று பதறினாள் சூராகான்.

"இல்ல, நல்லா ஏறிடுச்சு," என்றார். பிறகு போனை வைக்காமல், "இங்க பனி கம்மியாத்தான் இருக்கு. அப்புறம்... நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார்.