நெட்டின் மேல் ஒரு ஈரோட்டுத் துண்டு

டென்னிஸ் கோச் வேலையில் பாதி, பந்து அடிக்கச் சொல்லித் தருவது; மீதி, கோர்ட் எப்போது காலியாகும் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. டெக்சாஸில் டாலஸ் பக்கம் எங்கள் பார்க்கில் நான்கு இலவச கோர்ட் இருந்தன. இரண்டு, பிக்கிள்பால் என்ற புது மட்டைப்பந்து ஆட்டத்துக்குப் போய்விட்டன. எங்கேயாவது வரிசையில் கால் கடுக்க நின்ற உங்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டுமா என்ன!

ஆளில்லாத கோர்ட்

இங்கே வழக்கம், வேலியில் மட்டையை மாட்டிவிட்டு வரிசையில் நிற்பது. ஒரு சனிக்கிழமை காலை போனால், கோர்ட்டில் ஆளே இல்லை, நெட்டின் மேல் ஒரு துண்டு தொங்குகிறது! ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது என்று இரண்டு அமெரிக்கர்கள் வெளியே பவ்யமாக நிற்கிறார்கள். எனக்கா, சிரிப்பு தாங்கவில்லை. இது நம்ம ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாக விழுகிற துண்டு அல்லவா!

வாக்கிங் முடித்து நிதானமாக வந்தார் பழனிசாமி அங்கிள். ஈரோட்டுக்காரர், மகனோடு இங்கேயே தங்கிவிட்டவர். "நீங்க டென்னிஸ் ஆடுவீங்களா அங்கிள்?" என்றேன்.

"எனக்கு முட்டி வலிங்க அம்மணி. அந்த நிலாப் புள்ள தெனமும் நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போகுது, அதுக்குத்தான் எடம் புடிச்சு வெச்சேன்."

சுவர்

நிலா, பக்கத்து அபார்ட்மென்ட் பெண். ஸ்கூல் டீமில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று துடிக்கிறாள். கிளப்பில் சேர்க்க வீட்டில் வசதி இல்லை. இந்த பார்க்கை விட்டால் அவளுக்குக் கதியில்லை.

ஒருநாள் மூடிக் கிடந்த கடையின் பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். கொளுத்துகிற வெயிலில் தனியாகச் சுவரோடு ஆடிக்கொண்டிருந்தாள். அம்மாடி, அந்த பேக்ஹேண்ட்! நான் சொல்லித் தந்ததில்லை. மலைத்துப்போய் நின்றுவிட்டேன். "இங்க என்னடி பண்ற?" என்று கேட்டதற்கு, பந்தை விடாமலே பதில் வந்தது.

"கோர்ட் இஸ் ஆல்வேஸ் ஃபுல், கோச். தி வால் இஸ் நெவர் ஃபுல்."

முன்வரிசை

அப்புறம் பார்க் வாசலில் ஒரு நோட்டீஸ்: மிச்சமிருக்கும் இரண்டும் இனி பணம் கட்டிய மெம்பர்களுக்கு மட்டும், ஆட்சேபணை இருந்தால் சிட்டி ஹால் கூட்டத்தில் பேசலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யார் வந்து பேசப்போகிறார்கள்?

கூட்டத்தன்று உள்ளே நுழைந்தால், முன்வரிசை நாற்காலி முழுக்கத் துண்டு! மடிப்புக்கூடக் கலையாத புத்தம்புது ஈரோட்டுத் துண்டுகள். செக்யூரிட்டி தலையைச் சொறிகிறார். அங்கிள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொல்லியிருக்கிறார். நிலாவின் அம்மா, வேலியில் மட்டை மாட்டுகிறவர்கள், அந்த இரண்டு அமெரிக்கர்கள், ஏன், பிக்கிள்பால் ஆட்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். நிலா எழுந்து பேசினாள். கோர்ட் கிடைக்காமல் சுவரோடு ஆடுவதையும் சொன்னாள்.

ஒரு கோர்ட் மெம்பர்களுக்கு, ஒன்று எப்போதும்போல் இலவசம் என்று முடிவானது. "ஒண்ணுதானே அங்கிள் கிடைச்சுது" என்றேன், மனசு ஆறாமல். அவர் துண்டுகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போதுங்க அம்மணி, துண்டு போட ஒரு எடம் இருந்தாச் சரி."

நிலா இப்போது ஸ்கூல் டீமில் ஆடுகிறாள். ஆக, இந்த ஊரின் கடைசி இலவச கோர்ட்டைக் காப்பாற்றியவர், மட்டை பிடித்துக் கை காய்த்த நாங்கள் யாருமில்லை, டென்னிஸில் பாயிண்ட் எப்படி எண்ணுவது என்று இன்றுவரை தெரியாத ஒரு மனுஷர்.