மூச்சு வாங்கச் சிரித்த மாலை

என் கணவர் சவூதி வேலையை முடித்துக்கொண்டு காரைக்காலுக்கே வந்துவிட்ட பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஓயாமல் பேசியவர், இப்போது நாள் முழுக்கச் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான தூக்கமில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை. எனக்கும் அது மாதவிடாய் நிற்கும் சமயம். காரணமில்லாமல் அழுகை வரும். ஆளுக்கொரு மூலையில் கிடந்தோம்.

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். கடற்கரைக்குப் போனார். எதிரில் வந்தவர்களெல்லாம், "எப்பங்க திரும்பக் கெளம்புறீங்க?" என்று கேட்கவே, போவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் மாலை அஸர் தொழுதுவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பிள்ளைகளின் பழைய ஷட்டில் மட்டைகளும் ஒரு இறகுப்பந்தும் கிடந்தன. என்ன தோன்றியதோ, அவரை மேலே கூப்பிட்டு ஒரு மட்டையைக் கையில் கொடுத்தேன்.

"இந்த வயசுல என்ன வெளையாட்டு?"

"சும்மா நாலு அடி அடிங்க. யாரு பாக்கப் போறா?"

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓங்கி ஒன்று விட்டார். பந்து கொடிக்கயிற்றைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொல்லையில் விழுந்தது.

"யாரு வூட்டுப் புள்ளைங்க அது? மீன் கழுவுற சட்டியிலயா போடுறீங்க?" என்று அந்த வீட்டு அக்கா சத்தம் போட்டார். அண்ணாந்து எங்களைப் பார்த்ததும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் தொட்டி மேடையில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று அவர் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் இறுக்கம் விட்டதுபோல் இருந்தது.

புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் மகளிடம் போனில் சொன்னேன்.

"அது எண்டார்பின் உம்மா. ஓடியாடுனா, வாய்விட்டுச் சிரிச்சா நம்ம ஒடம்புலயே சுரக்கும். வலியக் கொறைக்கும், மனசையும் லேசாக்கும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவர், "அங்க இருந்த வரைக்கும் எனக்கு அது சுரக்கவே இல்ல போல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு, அங்கே தனியாக இருந்த நாட்களைப் பற்றி முதல் தடவையாகப் பேச ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அவர் மாத்திரை போடுகிறார். எனக்கும் சில நாள் மனசு கனத்துப்போகும். அப்போது அவர் மாடிப்படியில் நின்று கூப்பிடுவார்.

"இன்னிக்கி முடியலங்க."

"ஆட வேணாம், சும்மா வந்து நில்லு."

போய் நிற்பேன். எப்படியும் ஒரு கட்டத்தில் மட்டையைக் கையில் எடுத்துவிடுகிறேன்.