கேரலின் கண்ணும் பச்சை முகங்களும்

ஜோகுபாளையத்தில் புடவை எடுக்கப் போகிறவர்கள் கேரலைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கடை விளக்கில் மயில்கழுத்து நிறமாகத் தெரிவது வெயிலில் வெறும் பச்சைதான் என்று கடைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். நாக்கு அப்படி. ஆனால் கண் பொய் சொன்னதில்லை. கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவதுதான் அவளுக்குப் பிழைப்பு.

கணவர் கிளிஃபர்டுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, ஸ்டுடியோ முதலாளி ரகுராம் அவளை வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டிருந்தார். ஸ்டுடியோ கம்ப்யூட்டரின் திரை இணையம் வழியாக அவள் லேப்டாப்பில் தெரியும். படத்தைத் திருத்துவாள், நடுவே எழுந்துபோய் அவருக்குக் கஞ்சி ஊட்டுவாள். இந்த ஏற்பாடு போனால் அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

அந்த வாரம் ஒரு சர்ச் கல்யாணத்தின் படங்கள் வந்தன. எல்லா முகத்திலும் லேசாகப் பச்சை. போட்டோ எடுத்தவனைத் திட்டிக்கொண்டே சிவப்பை ஏற்றி ஏற்றி முழு ஆல்பத்தையும் திருத்தி முடித்தாள்.

மறுநாள் ரகுராம் போன் செய்தார். அங்கே திறந்து பார்த்தால் மாப்பிள்ளை வெயிலில் வெந்தவன் மாதிரி இருக்கிறானாம். பெண்ணின் வெள்ளைக் கவுன் ரோஸ் ஆகிவிட்டதாம்.

"கண்ண ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க மேடம்."

எதற்கும் சண்டைக்கு நிற்கிறவள் அன்று போனை வைத்துவிட்டாள். சமையலறைக்குப் போய்த் தக்காளியைக் கையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பயமாக இருந்தது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் யுவன் பிறகு போனில் வந்தான். அவள் திருத்திய படம் ஒன்றை மெயிலில் அனுப்பி, லேப்டாப்பிலேயே நேராகத் திறக்கச் சொன்னான். முகங்கள் சிவந்து கிடந்தன. இணைப்பு வழியாகத் தெரிந்த அதே படத்திலோ ஒழுங்காக இருந்தன. ஆக, கோளாறு கண்ணிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. நடுவே இருக்கும் இணைப்புதான் நிறங்களைக் குறைத்து அனுப்புகிறது. செட்டிங்கில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டான்.

வைத்தவள் அவள்தான். அந்த ஆல்பத்தைத் தொடங்கும் முன் திரை திக்கித் திக்கி நகர்ந்தபோது, வேகத்துக்காக நிறத்தைக் குறைக்கலாமா என்று அந்த மென்பொருள் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டாள். நிறம் பார்த்துப் பிழைக்கிறவள் செய்கிற காரியமா இது? வெட்கத்தோடு யுவனிடம் சொன்னாள்.

யுவன் முழு நிறத்துக்கு மாற்றினான். இப்போது அவள் திரையிலும் மாப்பிள்ளை வெந்துதான் இருந்தான். ஆனால் திரை ஆமையாக ஊர்ந்தது. சனிக்கிழமைக்குள் ஆல்பத்தைப் புதிதாகத் திருத்திக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் தினமும் ஸ்டுடியோவுக்கே வந்துவிட வேண்டும் என்று ரகுராம் சொல்லியனுப்பியிருந்தார். அவள் வீடிருந்த சந்துக்கு இதைவிட வேகமான நெட் லைன் கிடையாது. வீட்டில் வேறு எதிலாவது நெட் ஓடுகிறதா என்று யுவன் கேட்டான்.

ஓடியது. ஹாலில் கிளிஃபர்டின் டி.வி. படுக்கையில் விழுந்ததிலிருந்து பகல் முழுக்க அதில் ஃபுட்பால் பார்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

"வேற ஒண்ணும் இல்லப்பா," என்றாள் கேரல்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஹாலில் டி.வி. சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தாள். கிளிஃபர்ட் இடது கையால் ரிமோட்டை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"நீ... வேலயப் பாரு."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனாலும் போய் வாங்கிக்கொண்டாள்.