இறுக்கிப் பிடித்த விரிசல்

கோயம்புத்தூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்காகக் குன்னூர் வீட்டில் உட்கார்ந்து நான் செய்யும் வேலையை, "அம்மிணி இரும்புக்கு ஸ்கேன் எடுக்குது" என்றுதான் அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்வான். பாதி சரி. காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பினால், இரண்டு பரப்புகள் ஒட்டிய இடத்தில் கொஞ்சம் கடந்து போகும், கொஞ்சம் திரும்பி வரும். ஒட்டு அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் பிழைப்பு. அந்த இடத்தில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள் வரிசையாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல ஒட்டுக்கு விறைப்பான ஸ்பிரிங், கெட்டதற்குத் தளர்ந்தது. வம்பு எங்கே என்றால், ஒட்டாத பரப்புகளையும் பலமாக அழுத்திப் பிடித்தால் அதுவும் விறைப்பாகத்தான் தெரியும். ஒலி தடையில்லாமல் போய்விடும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று எங்கள் துறைக்காகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அண்ணன் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இலை உருட்டும் மெஷினைச் சுழற்றும் இரும்புக் கை ஒருமுறை உடைந்து, வெல்டு வைத்து, மேலே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதன் சத்தம் மாறியிருக்கிறது என்று அவனுக்குச் சந்தேகம். ஆய்வுக்கூடத்தில் ஒலிக்கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். திரையில் விரிசலுக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.

"போல்டைத் தளர்த்தி இன்னொரு தடவை பாக்கணுங்க. இப்படி இறுக்கி வெச்சா விரிசல் இருந்தாலும் காட்டாது," என்றேன் மேனேஜரிடம்.

"இலை வாடிக் கெடக்குதுங்க. இப்பக் கழட்டுனா அத்தனையும் குப்பைக்குத்தான் போகும். ஸ்கிரீன்ல ஒண்ணுமில்லைன்னு நீங்களேதான சொல்றீங்க?"

வாடவைத்த இலை காத்திருக்காது. சீசனில் மெஷின் ஓய்வது ஞாயிறு மட்டும். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். ஆனாலும் எரிச்சலில் குரலை உயர்த்தினேன். அண்ணன்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான்.

"விடு அம்மிணி. ஞாயித்துக்கெழமை நானே கழட்டி வெக்கறேன். வந்து பாரு."

வெள்ளிக்கிழமை அந்த இரும்புக் கை உடைந்து அவன் நெஞ்சில் அடித்தது. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள், மலைப்பாதையிலேயே, ஆம்புலன்ஸில் உயிர் போய்விட்டது. மேனேஜர் மேல் இருந்த ஆத்திரத்தில் எனக்கு அழக்கூட வரவில்லை.

காரியம் முடிந்ததும் அண்ணியோடு ஃபேக்டரிக்குப் போனேன். உடைந்த துண்டுகள் இரண்டும் மேனேஜர் மேசை மேல் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தேயிலைச் சாறு பட்டால் இரும்பு கறுத்துப்போகும். உடைந்த முகம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு. சாறு நெடுநாளாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஓரத்தில் நகத்தளவு இடம்தான் புதிதாக உடைந்து பளபளத்தது. அந்த நகத்தளவு இரும்பை நம்பித்தான் அவன் தினமும் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறான்.

"திடீர்னு ஆயிப்போச்சுங்க," என்றார் மேனேஜர். "உங்க மெஷின்லயே ஒண்ணும் காட்டலை."

என் கையிலிருந்த துண்டை வாங்கி, மற்றதோடு முகத்துக்கு முகம் பொருத்தி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து அண்ணியிடம் காட்டினார். "பாருங்க, கோடே தெரியலை. இதைப் போய் யாருங்க கண்டுபுடிப்பாங்க?"

உண்மைதான், தெரியவில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள்.

"கையை எடுங்க," என்றேன்.

அவர் எடுக்கவில்லை.